மதில் உயரம் பார்த்துப் பிடித்த அறை

ஸஹ்லாவின் இடது கையில் சேலைன் ஊசி ஏறியிருந்தது. வலது கையை ஒரு சிங்களப் பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தாள். ஸஹ்லாவுக்கு உதடு வெடித்து, முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. எங்கள் ஊர் கனமூலையிலிருந்து ஐந்து மணித்தியாலம் வேனில் குலுங்கிக்கொண்டு வந்த எனக்கு, இது எங்கள் பிள்ளைதானா என்று கட்டில் இலக்கத்தை ஒரு தரம் பார்க்க வேண்டியிருந்தது.

ஸஹ்லா என் தம்பியின் மகள். கெம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், இரண்டாம் வருஷம். எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் தம்பி வீட்டில் எந்தப் பிள்ளைக்கு என்ன என்றாலும் கடைசிச் சொல் என்னுடையதாகத்தான் இருக்கும். இந்தப் பத்திரிகைத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் வாய் தெரியும்.

என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சேலைன் ஏறிய கையையும் ஊன்றி எழும்பி உட்காரப் பார்த்தாள்.

“மாமி, படிப்ப நிப்பாட்டிப் போடாதீங்க.”

சலாம் இல்லை. தண்ணீர் வேணும் என்று இல்லை. உம்மா எங்கே, வாப்பா எங்கே என்று இல்லை.

“படு புள்ள. இப்ப ஆரு படிப்பப் பத்திக் கேட்ட?”

“இல்ல மாமி. நிப்பாட்ட மாட்டம் எண்டு சொல்லுங்க. சொன்னாத்தான் படுப்பன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. ஒரு நோயாளிப் பிள்ளை என்னோடு பேரம் பேசுகிறாளே என்றுதான் முதலில் பட்டது. கடிந்து ஏதோ சொல்லவும் வாயெடுத்தேன். அதற்குள் அந்தச் சிங்களப் பிள்ளை என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

தில்ருக்ஷி என்று பெயர். ஸஹ்லாவோடு ஒரே வகுப்பு. சிலாபத்துக் கொப்பரா வியாபாரிகளோடு முப்பது வருஷம் விலை பேசிப் படித்த சிங்களம் என்னுடையது. அதில் தேங்காய் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, தராசு இருக்கிறது. ஆஸ்பத்திரி இல்லை. ஆனாலும் அவள் சொன்னது முழுக்க விளங்கியது.

நாலு நாள் காய்ச்சல். டெங்கு. நாலாம் நாள் பல் முரசில் இரத்தம் வந்திருக்கிறது. சனி ஞாயிறு போக வகுப்புக்கு இரண்டு நாள் வராததால் தில்ருக்ஷி தேடிக்கொண்டு போயிருக்கிறாள். யன்னலால் பார்த்தால், தரையில் கிடந்திருக்கிறாள் எங்கள் பிள்ளை. கதவு உள்ளே பூட்டு. எங்களுக்குப் போன் எடுத்துச் சொன்னதும் இவள்தான்.

“வீட்டுக்குச் சொல்லாதே, வீட்டுக்குச் சொல்லாதே என்று ஓட்டோவுக்குள்ளேயும் சொல்லிக்கொண்டே வந்தாள், அம்மா. நீங்கள் என்ன அவ்வளவு கெட்ட ஆட்களா?” என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

பகிடியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

நான் வைத்த நிபந்தனை

கெட்ட ஆட்கள் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்ட ஆட்களாக இருந்திருந்தால் இந்தக் கதை இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

ஸஹ்லாவுக்கு கெம்பஸ் கிடைத்த செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் பெருநாள் மாதிரிச் சனம். ஆளுக்கு ஒரு துண்டு தொதல் வாயில், ஆளுக்கு ஒரு பயம் நாக்கில். அங்கே பழைய மாணவர்கள் புதுப் பிள்ளைகளைப் பகிடிவதை செய்வார்களாம். ஆணும் பெண்ணும் ஒரே மேசையாம். தலையை மூடிக்கொண்டு போனால் பஸ்ஸில் முறைப்பார்களாம். யாரோ ஒருவரின் மகள் போய் எதையோ செய்துவிட்டாளாம். யார், எந்த ஊர், என்ன செய்தாள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

என் தங்கச்சியின் புருஷன் ஒருவர் இருக்கிறார். அரசாங்கக் கச்சேரியில் எழுத்தர் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர். எதற்கும் ஒரு முன்னுரை சொல்வார்.

“நான் வேணாம் எண்டு சொல்லல்ல. ஆனா யோசிங்க. பக்கத்தில டீச்சர் வேலைக்குப் படிச்சா என்ன? ஒண்டு நடந்தா ஆரு பொறுப்பு?”

“நான் பொறுப்பு” என்றேன்.

“அப்பிடி லேசாச் சொல்ல ஏலாது மச்சி.”

“லேசாச் சொல்லல்ல மச்சான். புள்ள போகட்டும். ஏதாவது ஒண்டு நடந்தா, அண்டைக்கே நானே போய்க் கூட்டிட்டு வந்துருவன். அதோட படிப்பு முடிஞ்சுது. போதுமா?”

எல்லாருக்கும் போதுமாக இருந்தது. தம்பி முகம் தெளிந்தது. மச்சான் இன்னொரு துண்டு தொதல் எடுத்தார். நான் ஒரு பெரிய வழக்கை வென்றவள் மாதிரி வெற்றிலைத் தட்டைக் கிட்ட இழுத்துக்கொண்டேன்.

ஸஹ்லா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அந்தச் சொல்லை அன்றோடு மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அவள் அதைப் பொத்தி வைத்துக்கொண்டாள். ‘எனக்கு ஒன்றும் நடக்கக் கூடாது, நடந்தால் வீட்டுக்குத் தெரியக் கூடாது’ என்று. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைக்கு நான் படிப்பித்த முதல் பாடம் இது.

ஆறு பேர் போய்ப் பார்த்த வீடு

கெம்பஸ் விடுதி வேண்டாம் என்று முடிவானது. பகிடிவதை விடுதியில்தான் நடக்குமாம். ஆகவே எங்கள் ஆட்களின் வீடு ஒன்றில் அறை பிடிப்பதென்று தீர்மானம். தூரத்துச் சொந்தம் ஒருவர் ஒரு வீட்டைச் சொன்னார். வேன் பிடித்து ஆறு பேர் போனோம், பெண் பார்க்கப் போகிற மாதிரி.

தம்பி கேற்றின் பூட்டைப் பார்த்தார். மச்சான் பள்ளிவாசல் எத்தனை நிமிஷ நடை என்று மணிக்கூடு பிடித்து நடந்து பார்த்தார். ஸஹ்லாவின் உம்மா குசினிச் சட்டிகளைத் திறந்து பார்த்தாள். வீட்டில் கலியாணம் முடிக்காத ஆண்பிள்ளை இருக்கிறானா என்று மூன்று விதமாக விசாரித்தோம். ஒரு மகன் இருந்தான், அவன் சவூதியில்.

நான் யன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு மதில். என் தலைக்கு மேலே இன்னும் ஒரு முழம், அதன் மேலே உடைந்த போத்தல் ஓடு பதித்திருந்தது. “அல்ஹம்துலில்லாஹ், இதுதான் வீடு” என்றேன்.

அந்த மதிலுக்கு உள்பக்கம், ஸஹ்லாவின் அறைக்கு நேரே பின்னால், மழைத் தண்ணீர் தேங்கிய பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. பக்கத்தில் நாலைந்து டயர். ஆறு பேரும் அதைத் தாண்டித்தான் மதிலைப் பார்க்கப் போனோம். மச்சானின் செருப்பு அதில் நனைந்தும் போனது. ஒருவருக்காவது டெங்கு நுளம்பு ஞாபகம் வரவில்லை. நாங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டு போனவர்கள். பூச்சியைத் தேடிப் போகவில்லை.

விடுதியில் ஒரு அறைக்கு நாலு பிள்ளைகள். ஒருத்திக்குக் காய்ச்சல் காய்ந்தால் மற்றவளுக்குத் தெரியும். வோர்டன் இருக்கிறார், மருந்து கொடுக்க இடம் இருக்கிறது. தில்ருக்ஷிதான் சொன்னாள். எங்கள் பிள்ளைக்கோ உயர்ந்த மதில், பலத்த கம்பி, தனி அறை. நாலு நாள் காய்ந்து கிடந்தாலும் ஒரு குருவிக்கும் தெரியாது. வீட்டுக்காரப் பெண்ணைப் பிழை சொல்ல மாட்டேன். பிள்ளை படிக்கிறாள், கதவைத் தட்டக் கூடாது என்று அவளிடம் கட்டாயமாகச் சொல்லி வைத்ததும் நான்தான்.

துணை

இன்னொரு கூத்தும் உண்டு. தனியாகப் பயணம் இல்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். லீவுக்கு வந்தாலும் திரும்பிப் போனாலும் ஒரு ஆண்துணை. தம்பி, தம்பியின் இரண்டு ஆண்மக்கள், மச்சான் என்று நாலு பேர் முறை போட்டுக்கொண்டார்கள்.

மச்சானுக்கு மலைப்பாதை வளைவு ஒத்துக்கொள்ளாது. இரண்டாவது வளைவிலேயே வாந்தி. ஸஹ்லா முன்கூட்டியே பையில் தேசிக்காயும் பொலித்தீனும் வைத்துக்கொண்டு போவாள். தம்பியின் மூத்த மகன் அஸ்வர் பஸ் ஏறினால் தூங்குவான். பஸ் மாறுகிற ஊர் தாண்டியும் தூங்கினான்; தங்கச்சிதான் தட்டி எழுப்பி இறக்கினாள். தம்பியோ சனத்துக்குள் பொக்கற்றைப் பறிகொடுத்தார். மகள் தன் கைக்காசில் இரண்டு பேருக்கும் டிக்கற் எடுத்து, சிங்களத்தில் கண்டக்டரோடு கதைத்து, வாப்பாவைத் திரும்பிப் போகிற பஸ்ஸிலும் ஏற்றிவிட்டுத்தான் கெம்பஸுக்குள் போனாள்.

இதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணித்தியாலம் காவல். திங்கள் முதல் வெள்ளி வரை அவள் எந்தச் சந்தியில் எந்தப் பஸ் ஏறுகிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று ஊர் பார்த்தது. பார்த்தால் போதும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

இதே அஸ்வர் இருபது வயதில் கட்டாருக்குப் போனான். தனியாகத்தான் போனான். எந்த வீட்டில் படுப்பான், மதில் எவ்வளவு உயரம் என்று பார்க்க ஒரு வேனும் போகவில்லை. கட்டட வேலையில் மேலிருந்து விழுந்து கால் முறிந்தது. கட்டுப் போட்ட காலோடு வந்தவனை ஊரே வந்து பார்த்தது. “ஆம்பிளப் புள்ளைக்கு இப்பிடி அடிபட்டாத்தான் உலகம் தெரியும்” என்றார் மச்சான். கால் சரியானதும் திரும்பவும் அனுப்பினோம்; ஸஹ்லா கெம்பஸ் போகுமுன்தான் ஊருக்கு வந்து சேர்ந்தான். ஒண்டு நடந்தா அதோட முடிஞ்சுது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்கு யார் மதில் பார்த்தார்கள்?

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோது என் கதையும் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றாலும் வரும்.

பதினாறு வயதில் என்னைக் கற்பிட்டிப் பக்கத்து மனிசர் ஒருவருக்கு முடித்துக் கொடுத்தார்கள். அவர் முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. களப்புத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் வீடு. கச்சான் காற்று கடுமையாக வீசிக்கொண்டிருந்த காலம். நாளைக்குப் போகலாமே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சோறாக்கி வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்களே. வள்ளத்தில் ஏற்றினார்கள். பாதி வழியில் தண்ணீர் ஏறியது. கலியாணச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தகரப் பேணியால் தண்ணீர் இறைத்தேன். எனக்கு நீந்தத் தெரியாது.

அந்த மனிசர் நல்லவராக இருந்தார். அது என் நல்ல காலம். எங்கள் வாப்பா விசாரித்தது அவருடைய தோட்டத்தை, குணத்தை அல்ல.

முன்பின் தெரியாத ஆண், முன்பின் தெரியாத வீடு, கொந்தளிக்கிற தண்ணீர். அதற்கு ஆபத்து என்று யாரும் பெயர் வைக்கவில்லை. சந்தோஷம் என்று சொல்லிப் பால் கொடுத்தார்கள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் பஸ் ஏறினால் மட்டும் எல்லாருக்கும் நெஞ்சு அடிக்கிறது.

“நல்ல சுகம் மாமி”

இரண்டாம் நாள் ஸஹ்லாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. இரத்தத்தில் குறைந்த அணு ஏறத் தொடங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னார். நான் கட்டிலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு நாளும் அந்திக்கு மஃரிப் தொழுதுவிட்டு நான் அவளுக்குப் போன் எடுப்பேன். அந்த நாலு நாளும் எடுத்தேன். நாலு நாளும் ஒரே பதில்.

“நல்ல சுகம் எண்டு சொன்னியே, என்ன மனசு புள்ள ஒனக்கு?”

“நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னன்.”

“என்ன கேட்டன்?”

“கதவு பூட்டினியா, ஆரு வந்த, வெளிய போனியா. இதத்தானே கேப்பீங்க. கதவு பூட்டித்தான் இருந்த. ஆரும் வரல்ல. வெளிய போக எழும்பவே ஏலல்ல.”

அடிக்கலாம் போல இருந்தது. சொன்னதில் பொய் இல்லாததால் இன்னும் எரிந்தது.

“உசிரு போய் மௌத்தாகியிருந்தா?”

அவள் முகட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“திரும்பக் காய்ச்சல் வந்தாலும் சொல்ல மாட்டன் மாமி. ஒங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு ஏலாது. அதனால இப்பவே சொல்றன். நீங்க கூட்டிட்டுப் போயிருவீங்க.”

எழுபது வயது தாண்டிய என்னிடம் ஒருவரும் அப்படி நேருக்கு நேர் கதைத்ததில்லை. எழும்பிப் போய் நேர்ஸ் மிஸ்ஸோடு, சேலைன் ஏன் இவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று சண்டை பிடித்தேன்.

தூக்கியது யார்?

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் எல்லாரும் கூடினார்கள். நாலு துணையும் வந்திருந்தார்கள். ஸஹ்லா உள்ளறையில். கதவு சாத்தியிருந்தது; எங்கள் வீட்டுக் கதவுக்குச் சத்தத்தை மறைக்கிற பலம் இல்லை.

நான் நினைத்தேன், தொட்டியைப் பற்றிக் கதைப்பார்கள் என்று. டயரைப் பற்றி. நாலு நாள் பிள்ளை தனியாகக் கிடந்ததைப் பற்றி. மச்சான் முன்னுரையைத் தொடங்கினார்.

“நான் பிழை சொல்லல்ல. நடந்தது நடந்திட்டு. ஆனா ஒரு விசயம் கேள்விப்பட்டன். அந்த அறையில இருந்து ஓட்டோ வரைக்கும் புள்ளயத் தூக்கிட்டுப் போன ஒரு பொடியனாம்.”

“ஓம்” என்றேன். “லஹிரு. கூடப் படிக்கிறவன். தில்ருக்ஷி கூட்டிட்டு வந்த. பூட்டின கதவ ஒடச்சதும் அவன்தான்.”

“ஒடச்சானா?” என்றார் தம்பி, கவலையோடு.

“கதவத் தொறந்தது சரி. தூக்கினது…” மச்சான் இழுத்தார். “அந்தச் சிங்களப் புள்ள தூக்கியிருக்கலாமே. நாலு பேர் பாத்திருப்பாங்க. நாளைக்கு ஒரு எடத்தில பேச்சு வந்தா என்ன சொல்ற?”

அஸ்வர் தலையைக் குனிந்துகொண்டு, “அதுதான்” என்றான். கட்டாரில் முறிந்த காலோடு கிடந்த அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் யாரோ ஒரு நேப்பாளத்துக்காரன்.

என் காது இரண்டும் சுட்டது.

“அவன் தூக்காட்டி நீங்க நாலு பேரும் தூக்கியிருப்பீங்க” என்றேன். “சந்தூக்கில வச்சு, அடக்கத்துக்கு. நாலு பேரும் சரியா ஆளுக்கு ஒரு மூலை.”

தம்பி கண்ணைத் துடைத்தார். மச்சான் மட்டும், சட்டம் தெரிந்த மனிசர் அல்லவா, கேட்டார்.

“அப்ப அண்டைக்கு நீங்க வச்ச நிபந்தனை என்ன மச்சி? ஒண்டு நடந்தா கூட்டிட்டு வாற எண்டு நீங்கதானே சொன்னீங்க.”

அதைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்ததில்லை. கொப்பரா விலையில்கூட இல்லை. அதை இந்த மனிசர் முன்னால், தம்பி பிள்ளைகள் முன்னால் செய்ய வேண்டியிருந்தது.

“ஓம், நான்தான் சொன்னன். அது பிழை. அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் புள்ள நாலு நாள் வாய் தொறக்கல்ல. நுளம்பு ஒரு பக்கம், நான் மறு பக்கம். அந்தச் சொல்லத் திருப்பி எடுத்திட்டன். இனி ஒண்டு நடந்தாலும் படிப்பு நிக்காது. பத்து நடந்தாலும் நிக்காது. விடுதியில இருப்பா.”

“அப்ப பொறுப்பு?”

“பொறுப்பு என்னோடதான். நான் அதத் திருப்பி எடுக்கல்ல.”

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. அவள் வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. நம்பவில்லை என்று விளங்கியது. ஒரு கூட்டத்தில் சொன்ன சொல்லால் சூடுபட்டவள், இன்னொரு கூட்டத்தில் சொன்ன சொல்லை எப்படி நம்புவாள்?

நாய்

அவள் விடுதிக்குப் போய்க் கொஞ்ச மாதம் கழிந்தது. ஒரு பகல், தேங்காய் பறிக்க வந்தவன் குரும்பையையும் சேர்த்து வெட்டிப் போட்டதற்காக அவனோடு நான் ஏசுப்பட்டுக்கொண்டிருந்த நேரம் போன் அடித்தது.

“மாமி, ஒண்டு நடந்திட்டு.”

கையிலிருந்த ஈர்க்குக் கட்டைக் கீழே போட்டேன்.

“சொல்லு.”

“கென்டீனுக்குப் பக்கத்தில நாய் கடிச்சிட்டு. கெண்டைக்கால்ல. ஆஸ்பத்திரிக்குப் போய் மொத ஊசி போட்டாச்சு. இப்பதான் வெளிய வாறன். இன்னும் ஊசி இரிக்கி, தேதி போட்டுத் தந்தாங்க.”

என் வாயில் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். ஊசியைப் பற்றி வரவில்லை. காயத்தைப் பற்றி வரவில்லை. “நாயா? ஏழு தரம் கழுவினியா?” என்றுதான் வந்தது; நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவுவது எங்கள் மார்க்கச் சட்டம்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “மொதல்ல டொக்டர் சொன்ன மாதிரி சவுக்காரம் போட்டு. பிறகு ஒங்கட ஏழு.”

என் கேள்விகளுக்காகக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. நாய் இருக்கிற இடத்தில் என்ன வேலை, அபாயா கிழிந்ததா, யார் பார்த்தார்கள், கூட யார் போனார்கள் என்று தொண்டை வரைக்கும் பதினைந்து கேள்விகள் வந்து நின்றன. ஒவ்வொன்றாக விழுங்கினேன். வயசானவளுக்கு இது லேசான வேலை இல்லை.

“மாமி? ஒண்டும் கேக்க மாட்டீங்களா?”

“அடுத்த ஊசி எப்ப?”

“வியாழன்.”

“மறக்காமப் போ. சாப்பிட்டுட்டுப் போ.”

போனை வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். தேங்காய் பறிக்கிறவன், “என்ன உம்மா, கெட்ட செய்தியா?” என்று கேட்டான். நல்ல செய்தி என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று மாலை தம்பி வந்து, “புள்ள எப்பிடி?” என்று கேட்டார். “நல்ல சுகம்” என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, அது யாருடைய பதில் என்று. அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள். ஒளிக்க நான் தொடங்கிவிட்டேன். தம்பிக்குத் தெரிந்தால் மச்சானுக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரிந்தால் வேன் புறப்படும்.

ஒவ்வொரு ஊசிக்கும் அவள் போன் எடுத்தாள். ஒவ்வொன்றையும் நான் தம்பிக்கும் மச்சானுக்கும் மறைத்தேன். இந்தக் கிழமைத் தொடரில் இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். “எழுதுங்க மாமி, பேரையும் போடுங்க” என்றாள்.

மச்சான் இந்தப் பத்திரிகையை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பாலாவிச் சந்தியில் வாங்குவார். ஆகவே மச்சான், கடைசி ஊசியும் போட்டு இன்றோடு ஒன்பது நாள். பிள்ளை வகுப்பில் இருக்கிறாள். கேட்பதற்கு ஏதும் இருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள். அவளுக்குப் போன் எடுக்க வேண்டாம்.